ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை: நடுவில் என்னதான் நடக்கிறது?

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து வாங்கிய பாகங்கள், அவன் கையாலேயே அசெம்பிள் செய்த முதல் சிஸ்டம். "மாமா, எல்லா ஃபேனும் ஓடுது, லைட்டெல்லாம் எரியுது, டிஸ்பிளே மட்டும் வரலை."

அதற்குள் அவனுடைய வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வழங்கியாகிவிட்டது. ஒருவன் "போர்டு டெட்" என்றான். இன்னொருவன் "ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்" என்றான். மூன்றாமவன், "விண்டோஸே போடலை, அப்புறம் எப்படிடா டிஸ்பிளே வரும்?" என்று கேட்டானாம்.

மூன்றாமவன் சொன்னது முழுத் தவறு. மற்ற இரண்டும் குருட்டாம்போக்கில் சரியாக இருந்தாலும் இருக்கலாம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. "சிஸ்டம் ஆன் ஆயிடுச்சு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே அது நாலைந்து தனித்தனி வேலைகள், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. அந்த வரிசை தெரிந்தால் எங்கே நின்றுபோயிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். தெரியாவிட்டால் ரப்பரை எடுக்க வேண்டியதுதான்.

விளக்கு எரிந்தால் கடை திறந்ததாகுமா?

தெருமுனை டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரை மணி. ஷட்டர் பாதி தூக்கியிருக்கிறது, உள்ளே டியூப் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. டீ கிடைக்குமா? தெரியாது. கடைக்குக் கரண்ட் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மாஸ்டர் வந்திருக்க வேண்டும். முதலாளி சுவரில் ஒட்டி வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து அடுப்பு, பால், டிகாக்ஷன் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மேடையில் இடம் பண்ண வேண்டும். இதெல்லாம் முடிந்தபின் பையன் வெளியே வந்து 'டீ ரெடி' பலகையை மாட்டுவான். தெருவில் நிற்கும் நம் கண்ணுக்குப் படுவது அந்தப் பலகை மட்டும்தான்.

கணினியில் மாஸ்டர் சிபியு, அதாவது கட்டளைகளைப் படித்து வேலை செய்யும் முக்கிய சிப். சுவரில் ஒட்டிய குறிப்பு பயாஸ், அதாவது மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகும் பெரிய போர்டு) ஒரு சின்ன சிப்பில் கரண்ட் போனாலும் அழியாதபடி எழுதிவைத்திருக்கும் தொடக்க நிரல். வேலை செய்யும் மேடை ரேம், அதாவது தற்காலிக நினைவகம். பலகை மாட்டும் பையன் கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி, பின்னால் இருக்கும் சரக்கு அறை. சரக்கு அறை காலியாக இருந்தாலும் பலகை மாட்டலாம். அதனால்தான் எஸ்எஸ்டியே இல்லாத கணினியிலும் பயாஸ் திரை வரும், "பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை" என்று எழுதிக் காட்டவும் செய்யும். எழுதிக் காட்டுகிறது என்றாலே டிஸ்பிளே வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பட்டனை அழுத்தியதிலிருந்து பலகை மாட்டுவதுவரை நடக்கும் இந்தச் சரிபார்ப்புக்குப் போஸ்ட் என்று பெயர். 'பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்' என்பதன் சுருக்கம், இயந்திரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. நம் பிரச்சினை முழுக்க இந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

கரண்ட் வரும் வழி

எஸ்எம்பிஎஸ் என்பது கேபினட்டுக்குள் இருக்கும் மின்சாரப் பெட்டி. அது நம் வீட்டு 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 என்று சின்னச் சின்ன வோல்ட்களாகப் பிரித்துக் கொடுக்கும். அதன் முதுகில் இருக்கும் சுவிட்சைப் போட்ட உடனேயே ஒரு 5 வோல்ட் இணைப்பு மட்டும் உயிர்பெற்றுவிடும், தூங்கும் கடைக்கு வாட்ச்மேன் மாதிரி. கேபினட் பட்டனை அழுத்தும் முன்பே போர்டில் ஏதோ ஒரு விளக்கு மினுக்குவது இதனால்தான். பட்டனை அழுத்தினால் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 'எழுந்திரு' என்று சைகை கொடுக்கும். அது மற்ற வோல்ட்களைத் திறந்துவிட்டு, எல்லாம் நிலையாக வந்த பிறகு 'மின்சாரம் சரி' என்று பதில் சைகை அனுப்பும். அரை நொடிக்குள் முடிகிற சமாச்சாரம்.

ஃபேனுக்கு வேண்டியது வெறும் 12 வோல்ட். யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை. பல போர்டுகளில் சிபியுவைப் பொருத்தாமலே பட்டனை அழுத்தினாலும் ஃபேன் பாட்டுக்குச் சுற்றும். ஆகவே ஃபேன் ஓடுவதை வைத்து எஸ்எம்பிஎஸ் ஓரளவு உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். போர்டுக்கு 24 பின் கொண்ட அகலமான கேபிள் ஒன்று வரும், அதை யாரும் மறப்பதில்லை. சிபியுவுக்கென்று தனியாக 8 பின் கேபிள் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் போர்டின் மேல் மூலையில், கேபினட்டின் இண்டு இடுக்கில், கை நுழையாத இடத்தில் இருக்கும். அதைச் செருக மறந்தால் ஃபேன், வண்ண விளக்குகள் எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும், சிபியுவுக்கு மட்டும் சொட்டு மின்சாரம் போகாது. கடை முழுக்க வெளிச்சம், மாஸ்டர் வரவில்லை.

கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். சிபியு கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். சரியான கேபிள் அதிக அழுத்தமில்லாமல் உட்கார்ந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். முக்கி முக்கிச் செருக வேண்டியிருந்தால் நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் அதனுடன் வந்த கேபிளைத்தான் போட வேண்டும். வேறு மாடலின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம், பாகம் எரிந்துபோகும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஃபேனும் விளக்கும் வெறும் மின்சாரத்துக்குச் சாட்சி. முதலில் 24 பின், பிறகு சிபியுவின் 8 பின், பிறகு கார்டுக்குக் கேபிள் தேவைப்பட்டால் அது. மூன்றையும் கையால் தொட்டு அழுத்திப் பாருங்கள், கண்ணால் பார்த்தது போதாது.

மாஸ்டர் சுவரைப் பார்க்கிறார்

மின்சாரம் சரி என்ற சைகை வந்ததும் சிபியு விழித்துக்கொள்ளும். விழித்த கணத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. ரேம் எவ்வளவு, கார்டு எது, கீபோர்டு இருக்கிறதா, எதுவுமே. பயாஸ் சிப்பில் எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பது மட்டும் உள்ளேயே பதிந்திருக்கும். அங்கிருந்து வரிவரியாகப் படித்து அதன்படி நடக்கும்.

அந்தக் குறிப்பில் இந்த மாஸ்டரின் பெயரே இல்லாவிட்டால்? இது உண்மையாகவே நடக்கும். ஏஎம்டி சிபியுக்களுக்கான பி450 ரக போர்டுகள் 2018இல் வந்தவை. அதே சாக்கெட்டில் (போர்டில் சிபியு உட்காரும் இடம்) பொருந்தும் ரைசன் 5000 வரிசை சிபியுக்கள் 2020 நவம்பரில்தான் வந்தன. பழைய பயாஸோடு கடை அலமாரியில் கிடந்த போர்டை வாங்கி இந்தச் சிபியுவைப் போட்டால் கச்சிதமாக உட்காரும், ஃபேன் ஓடும், டிஸ்பிளே வராது. எந்தப் பாகத்திலும் பழுது கிடையாது. பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். இன்டெல்லிலும் 12ஆம் தலைமுறைக்காக வந்த போர்டில் 13ஆம் தலைமுறையைப் போடும்போது இதே கதைதான். சில போர்டுகளில் சிபியு இல்லாமலே பென் டிரைவ் வழியாகப் பயாஸை மாற்ற பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து, கோப்புக்குக் கையேடு சொல்கிற பெயரைத்தான் வைக்க வேண்டும். அந்தப் பட்டன் இல்லையென்றால் வாங்கிய கடையில் பழைய சிபியு ஒன்றைப் போட்டுப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

சாக்கெட் பின் வளைவது அபூர்வம், ஆனால் வளைந்தால் கஷ்டம். இன்றைய சாக்கெட்டுகள் பலவற்றில் ஆயிரத்து எழுநூறும் அதற்கு மேலும் பின்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மயிரிழை. சிபியுவைக் கழற்றி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் வரிசை கலைந்த இடம் தனியாக மின்னும்.

ரேம்: பொறுமை கேட்கும் இடம்

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரேமைச் செருகினால் வேலை செய்யும் என்று நினைக்கிறோம். செருகியதும் அது ஒரு வெற்று மேடை. சிபியு அதனோடு பேசப் பழக வேண்டும். ரேமின் மேலேயே ஒரு பொடி சிப்பில் 'நான் இத்தனை ஜிபி, இந்த வேகத்தில் ஓடுவேன்' என்று எழுதியிருக்கும். பயாஸ் முதலில் அதைப் படிக்கும். அதுவரை சிபியு தன் உள்ளே இருக்கும் சின்ன நினைவகத்தை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளும், மேடை தயாராகும்வரை மாஸ்டர் உள்ளங்கையில் வைத்து வேலை பார்ப்பதுபோல.

அடுத்து வருவதுதான் மெமரி டிரெய்னிங். 6000 என்று போட்டு விற்கும் டிடிஆர்5 (இது ரேமின் ஒரு தலைமுறை) ரேம் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 600 கோடி முறை தகவல் அனுப்பும். ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் ஒளிகூட வெற்றிடத்தில் 5 சென்டிமீட்டர்தான் போகும். போர்டின் செம்புத் தடத்தில் மின் சைகை அதில் ஏறக்குறைய பாதிதான் போகும். அப்படிப்பட்ட தடங்கள் ஒரு ரேமுக்குத் தகவலுக்கு மட்டும் 64. சில மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் ஒவ்வொரு தடத்திலும் சோதனைத் தகவலை அனுப்பி, எந்த நேரத்தில் கேட்டால் சரியாகக் கேட்கிறது என்று பயாஸ் அளந்து குறித்துவைக்கிறது. ஆளுக்கொரு தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மேளக்காரர்களை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிற வேலை இது.

இதற்கு நேரம் பிடிக்கும். டிடிஆர்5 போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் வரைகூட ஆகலாம். ரேம் அளவு கூடக் கூட நேரமும் கூடும். அத்தனை நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் தானாக ஒருமுறை அணைந்து மறுபடி எழுவதும் உண்டு. பார்ப்பவருக்கு இது செத்துப்போன சிஸ்டம் மாதிரியே தெரியும். முப்பது நொடியில் பொறுமை இழந்து அணைத்தால் அளந்தது வீண், அடுத்த முறை முதலிலிருந்து. ஒரு தடவை முடிந்துவிட்டால் கணக்கைச் சேமித்துவைத்துக்கொள்ளும், அப்புறம் இவ்வளவு நேரம் ஆகாது. முதல் முறை பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள் என்பது என் சட்டம். டீ குடித்துவிட்டு வரலாம்.

ரேம் எந்தக் குழியில் உட்காருகிறது என்பதும் முக்கியம். நாலு குழி இருந்தால், இரண்டு ரேம்களைச் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்வார்கள். ஒற்றை ரேம் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. சந்தேகமிருந்தால் கையேட்டில் படம் இருக்கும்.

ரப்பர் வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ரேமின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள், பல நேரம் சிஸ்டம் ஓடியும்விடும். பல வருடம் ஓடிய ரேமில் அழுக்குப் படிந்திருக்கலாம், அங்கே அது சரி. நேற்று கவர் பிரித்த ரேமில் தேய்க்க என்ன இருக்கிறது? அங்கே வேலை செய்வது ரப்பர் இல்லை, கழற்றி மறுபடி அழுத்தமாகச் செருகியதுதான். ரேம் நன்றாக உட்கார நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்த வேண்டும். போர்டு லேசாக வளைவதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டுவிடுகிறோம்.

சுருக்கமாக: ரேம் சரியான குழியில், பூட்டு விழும்வரை அழுத்தியிருக்க வேண்டும். அதன்பின் காத்திருக்க வேண்டும்.

பலகை மாட்டும் பையன்

மேடை தயாரானதும் பயாஸ் கிராபிக்ஸைத் தேடும். மானிட்டருக்குப் படம் வரைந்து அனுப்பும் சிப் இரண்டு இடங்களில் இருக்கலாம்: சிபியுவுக்குள்ளேயே, அல்லது தனிக் கார்டில். எல்லாச் சிபியுவிலும் இது இருக்காது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்று முடிந்தால் இல்லை, ஐ5 12400எஃப் மாதிரி. ஏஎம்டியின் ரைசன் 5 5600இல் இல்லை, 5600ஜியில் உண்டு. இல்லாத சிபியுவைப் போட்டுவிட்டு மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் யுகக் கணக்கில் காத்திருந்தாலும் படம் வராது. அந்தத் துளைக்குப் பின்னால் படம் வரைந்து அனுப்ப யாரும் இல்லை.

தனிக் கார்டு இருந்தால் கேபிள் கார்டுக்குத்தான் போக வேண்டும். கேபினட்டின் பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ துளை நிமிர்வாக, யுஎஸ்பிகளோடு இருந்தால் அது போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் தனியாக இருப்பது கார்டுடையது. சிரிக்காதீர்கள், ஒரு முறை நானே அரை மணி நேரம் தவறான துளையில் செருகிவிட்டு ரேமைத் திட்டியிருக்கிறேன்.

மானிட்டரையும் சேர்த்துப் பாருங்கள். கேபிள் ஹெச்டிஎம்ஐயில் இருக்கும், மானிட்டர் டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு துளையில் காத்துக்கொண்டிருக்கும். அதேபோல, யாரோ கொடுத்த ரொம்பப் பழைய கார்டைப் புதிய போர்டில் போட்டால், இன்றைய பயாஸ் பேசும் பாஷை அந்தக் கார்டுக்குத் தெரியாமல் போகலாம். அங்கேயும் கறுப்புத் திரைதான்.

போர்டே சொல்லும் நான்கு விளக்குகள்

முன்பெல்லாம் பீப் சத்தம் இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஒரு குட்டை பீப் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். இன்றைய போர்டுகளோடு பெரும்பாலும் ஸ்பீக்கர் வருவதில்லை. பதிலுக்குப் பல போர்டுகளில் ஓரத்தில் நாலு பொடி விளக்குகள் இருக்கின்றன. பக்கத்திலேயே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். டிராம் என்பது ரேம், விஜிஏ என்பது கிராபிக்ஸ். போஸ்ட் நடக்கும்போது எந்தக் கட்டமோ அந்த விளக்கு எரிந்து அடுத்ததற்கு நகரும். எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல்.

சிபியுவில் நின்றால் 8 பின் கேபிள், பயாஸ் பதிப்பு, சாக்கெட் பின். டிராமில் நின்றால் முதலில் காத்திருங்கள், அப்புறம் ரேமைக் கழற்றி மாட்டுங்கள். விஜிஏ என்றால் கார்டு, அதன் கேபிள், மானிட்டர் இணைப்பு. பூட் விளக்கில் நின்றால் போஸ்ட் பெரும்பாலும் தாண்டிவிட்டது, விண்டோஸ் இல்லாததைத்தான் சொல்கிறது. அப்போதும் திரை கறுப்பாக இருந்தால் மானிட்டரையும் கேபிளையும் சந்தேகப்படுங்கள். விளக்கே இல்லாத போர்டா? கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

கழற்றிப் பார்ப்பது

விளக்கும் உதவவில்லை என்றால் வீட்டைச் சின்னதாக்க வேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு எஸ்எஸ்டி, கூடுதல் ஃபேன், யுஎஸ்பி சாமான்கள், இரண்டாவது ரேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிபியு, கூலர், ஒரு ரேம், படம் தரும் ஏதாவது ஒன்று, அவ்வளவு போதும். இதில் டிஸ்பிளே வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை மாற்றிச் சரியானால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

பயாஸ் அமைப்புகளை யாராவது மாற்றியிருந்தால் அவற்றை அழித்துப் பார்க்கலாம். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, கையேட்டில் காட்டியிருக்கும் இரண்டு பின்களைச் சில நொடி இணைத்தால் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். ரேம் வேகத்தைக் கூட்டிவைத்த பிறகு திரை போனது என்றால் முதல் மருந்து இதுதான்.

அப்படியும் வரவில்லையென்றால் போர்டைக் கேபினட்டிலிருந்தே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். பவர் சுவிட்ச் என்று எழுதியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் போர்டுக்கு அடியில் பாருங்கள். போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுகளில் ஒன்று, துளையே இல்லாத இடத்தில் நின்று பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

அக்கா மகனிடம் அன்றைக்கு இத்தனையும் சொல்லவில்லை. மொபைலைப் போர்டின் ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். டிராம் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. புது போர்டு, டிடிஆர்5, 32 ஜிபி. "எவ்வளவு நேரம் ஓட விட்டே?" என்றேன். "ஒரு நிமிஷம் இருக்கும் மாமா. வரலைன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டே இருக்கேன், ஒரு இருபது தடவை." மறுபடி ஆன் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். காலேஜ், ஹாஸ்டல் சாப்பாடு என்று கதை பேசிக்கொண்டிருந்தோம். ஆறாவது நிமிடமோ என்னவோ, விளக்கு வெள்ளைக்குத் தாவியது, பிறகு பச்சை.

"மாமா, வந்துடுச்சு! கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல என்னமோ... புது சிபியு போட்டிருக்கீங்கன்னு சொல்லுது. ஒய் அழுத்தவா, என் அழுத்தவா?"

"பழைய டேட்டா ஒண்ணும் இல்லையே? ஒய் அழுத்துடா."